பூ கேட்ட பெயர்

ஆவணி ஒன்றாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். மிதுனா அரைமணி முன்னாலேயே தலைக்குக் குளித்து, அலுவலக அறைக் கணினித் திரைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன் மனைவி சௌபர்ணிகா. கொங்குப் பக்கத்தில் அண்ணியை நங்கை என்பார்கள். இந்த நங்கையும் நாத்தனாரும் சேர்ந்து பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்கரட்டுப்புதூரில் ஆறு வருஷமாக ஒரு தொழில் நடத்துகிறார்கள். தேங்காய் நார்த்தூளைச் சலித்து, கழுவி, காயவைத்து, செங்கல் மாதிரி அழுத்திக் கட்டிகளாக வெளிநாட்டுக்கு அனுப்புவது. மண்ணே இல்லாத பனிநாட்டில் அந்தக் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அதில் தக்காளி காய்க்கும்.

ஆறு வருஷமும் கட்டி இவர்களுடையது, பெயர் இன்னொருவனுடையது. நெதர்லாந்துக்காரன் ஒருத்தன் மொத்தமாக வாங்கி, தன் முத்திரையை ஒட்டி, தான் செய்தது போல விற்றுக்கொண்டிருந்தான். இனி நாமே நேராக விற்போம், நம் பெயரிலேயே விற்போம் என்று இருவரும் முடிவு கட்டியது ஆடி மாதத்தில். பெயரைக் கண்டுபிடித்தது சௌபர்ணிகா. லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, "இது வேருக்கு மடி மாதிரி இல்ல கண்ணு?" என்றாள். வேர்மடி. அவ்வளவுதான், இருவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஆடியில் யார் புதுசாக ஒன்றைத் தொடங்குவார்கள்? ஆவணி பிறக்கட்டும் என்று பெயரை நெஞ்சுக்குள் பூட்டிவைத்துக் காத்திருந்தார்கள்.

"நேரம் ஆச்சுங் நங்கை. சொல்லட்டுங்களா?"

"சொல்லு கண்ணு."

"வேர்மடிங்கற பேரை எங்க கம்பெனிக்குப் பதிஞ்சு குடுங்க," என்றாள் மிதுனா திரையைப் பார்த்து.

உலகப் பெயர்ப் பதிவகத்தின் குரல் பவ்யமாகப் பதில் சொன்னது. "மன்னிக்கவும். இந்தப் பெயருக்கு உரிமையாளர் இருக்கிறார். நோமவெல் நிறுவனம். பதிவான நாள் ஆகஸ்ட் ஏழு, பிற்பகல் ஒன்று நாற்பது."

சூடம் இன்னும் அணையவில்லை.

பத்தே நிமிஷத்தில் நோமவெல்லிடமிருந்து கடிதமும் வந்துவிட்டது. என்னவோ கல்யாணப் பத்திரிகை மாதிரி ஓரமெல்லாம் பூவேலை. வேர்மடி என்ற பெயரை நீங்கள் பயன்படுத்த விரும்புவது அறிந்து மகிழ்கிறோம். விற்பனையில் நூற்றுக்கு நாற்பது வாடகையாகத் தந்தால் போதும். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'விருப்ப மதிப்பு: 94.' அது என்ன கணக்கு என்று இருவருக்கும் புரியவில்லை. அப்போதைக்கு அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

"நம்ம புள்ளைய நமக்கே வாடகைக்கு உடறானா இவன்?" என்றாள் சௌபர்ணிகா.

கோயமுத்தூரில் அழகம்மை என்ற வக்கீல் இந்த மாதிரி வழக்குகளையே பார்க்கிறவர். அறுபது வயது, காரைக்குடிப் பக்கம், முகத்தில் சிரிப்பே கிடையாது. கடிதத்தைப் படித்துவிட்டு மேஜையில் தூக்கிப் போட்டார்.

"இங்க பாருங்கம்மா. முன்னாடி வணிக முத்திரை வேற, இணைய முகவரி வேற. முத்திரைய நாட்டுக்கு நாடு தனியாப் பதியணும். தலைவலிதான், ஆனா ஒரு ஊர்ல தோத்தா இன்னொரு ஊர்ல பொழச்சுக்கலாம். இப்ப யாரு முகவரி தட்டறா? வாயால பேரச் சொன்னாக் கடை தொறக்குது. அதனால ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. ஒரு பேரு, ஒரு சொந்தக்காரன், உலகம் முழுக்க. யாரு முதல்ல பதியறானோ அவனுக்கு. துறைமுகத்துல பொட்டிய ஸ்கேன் பண்றப்ப, மேல உள்ள பேரு அனுப்புனவனுக்குச் சொந்தமில்லேன்னா அப்படியே திருப்பிடுவான்."

"நாங்க யோசிச்சு வெச்ச பேருங்க மேடம். யாருகிட்டயும் மூச்சு உடல. அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்கறான். அங்கதான் இருக்கு சூட்சுமம். அவங்கிட்ட ஒரு இயந்திரம் இருக்காம். நாளைக்கு உலகத்துல யாரு யாருக்கு என்னென்ன பேரு தோணும்னு அது முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்குமாம். 'எங்கள் இயந்திரம் யார் பேச்சையும் கேட்பதில்லை, தானாகவே பெயர்களைப் படைக்கிறது'ன்னு சத்தியப் பத்திரம் தாக்கல் பண்ணி வெச்சிருக்கான். அதுக்கு நாட்டுக்கு நாடு தீர்ப்பும் வாங்கிட்டான்."

மிதுனா கோபத்தில் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய கரு. கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

"பொறக்காத பேருக்குமாங்க பட்டா போடறான்?"

"போடறான். நீங்க ஜெயிக்க ஒரே வழிதான். அந்தச் சத்தியப் பத்திரம் பொய்னு காட்டணும். உங்க வாயிலருந்துதான் அது திருடுச்சுன்னு நிரூபிக்கணும். யாருகிட்டயோ நீங்க பேரச் சொல்லிருக்கீங்க. யாருன்னு யோசிங்க."

யோசித்தார்கள். யோசித்ததுதான் வினையாகப் போனது. வீட்டு வாசலில் இறங்கும்போது சௌபர்ணிகா கேட்டுவிட்டாள்.

"உன்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னியா?"

மிதுனாவின் கணவன் தரணீஷ் வேலையாக நெதர்லாந்தில் இருந்தான், பங்குனியில் ஒரு நடை ஊருக்கு வந்துபோயிருந்தான். இவர்கள் நேராக விற்கப்போகும் சரக்குக்கு அங்கே கிடங்கு பிடித்து, ஆள் வைத்து, எல்லா ஏற்பாடும் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"அவுருகிட்டயே சொல்லலீங்க. ஆவணி ஒண்ணுக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க உங்க தம்பிகிட்டச் சொன்னீங்களா? அவன்தானே கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கறான்?"

"என்ற தம்பி திருட்டுப்பயலா?"

"என்ற ஊட்டுக்காரர் மட்டும் திருடுனவராங்க?"

ஆறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் அதற்குப் பிறகு பதினெட்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. களத்தில் வேலை செய்யும் பெண்கள் ஒருத்தியிடம் கேட்டதை இன்னொருத்தியிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிற ஒருத்தன் ஒரு பெயரை எடுத்தான். இங்கே ஒரு குடும்பம் இரண்டாய்ப் போனது. இதற்கு எந்தச் சட்டத்தில் நஷ்டஈடு எழுதியிருக்கிறது?

பத்தொன்பதாம் நாள் வக்கீல் அலுவலகத்தில் மிதுனா தனியாகக் காத்திருந்தாள். எதிரில் கரூர்க்காரர் ஒருவர். படுக்கை விரிப்பு ஏற்றுமதி. அவர் கையிலும் அதே பூவேலைக் கடிதம்.

"உங்களுக்கும் நோமவெல்லுங்களா?"

"ஆமாங்கம்மா. ஆடில புடிச்ச பேரு. ஆவணில பதியலாம்னு நிறுத்தி வெச்சோம். ஆடிலயே தூக்கிட்டான்."

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"ஊட்ல சம்சாரத்துக்கே தெரியாதுங்க. சாமிகிட்ட மட்டும் பூக் கேட்டோம். பூ குடுத்துட்டுது, அதனால தகிரியமா இருந்தேன்."

மிதுனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளும் கேட்டிருந்தாள். நாலாம் ஆடி வெள்ளி, ஆகஸ்ட் ஏழு, காலை பதினொன்றரை மணி. அந்தப் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். அம்மன் சிலைமேல் பூவை ஒட்டிவைத்துவிட்டு, கேட்க வந்தவர் தன் வாயாலேயே மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் பூ விழுந்தால் உத்தரவு. கேட்பது தொடங்குவதாகாது, அதனால் ஆடியில் கேட்கலாம், ஆவணியில் தொடங்கலாம். ஆண்டாண்டு காலமாக எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். யாருக்கும் சொல்லாததை அம்மனிடம் சொல்வார்கள். அது சொன்ன கணக்கில் சேருமென்று யாருக்குத் தோன்றும்?

"உங்க கோயில்ல கேமரா இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்குதே. அருள்நேரலைன்னு ஒரு கம்பெனி. வெளிநாட்ல இருக்கற எங்க சனமெல்லாம் தினமும் பாக்கறாங்க. காசே வாங்காம வெச்சுக் குடுத்தாங்கம்மா, நல்ல மனுசங்க."

அன்று மதியம் மிதுனா செங்கரட்டுப்புதூர்க் கரைக்காளியம்மன் கோயிலுக்கு நேராகப் போனாள். கருவறை வாசலுக்கு மேலே அந்தக் கேமரா உள்ளங்கையளவு இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பித்தளைத் தகடு. ட்யூப்லைட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை கொடுத்தவர் பெயர் போடாத பொருள் நம் கோயில்களில் உண்டா? அந்தத் தகட்டிலும் இருந்தது: 'உபயம்: மிதுனா தரணீஷ்.'

அவள்தான் வைத்தாள். தரணீஷ் கடல் தாண்டிப் போன வருஷம், அங்கிருந்தே அவன் அம்மனைப் பார்க்கட்டும் என்று கோயில் கமிட்டியிடம் மன்றாடி, கம்பமும் கரண்ட் இணைப்பும் தன் செலவில் போட்டு, அருள்நேரலையின் நாற்பத்தேழு பக்க நிபந்தனைகளுக்குக் கீழே தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். படித்துப் பார்த்தாளா? யார்தான் படிக்கிறார்கள். இப்போது கோயில் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்தாள். 'இவ்விடத்தில் பேசப்படும் யாவும் ஆய்வுக்காகத் துணை நிறுவனங்களுக்கு வழங்கப்படலாம்.' எந்தத் துணை நிறுவனம் என்று எழுதவில்லை. எழுதுவானா?

வீட்டுக்குப் போனதும் நேரே சமையலறைக்குள் நுழைந்து சௌபர்ணிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தானுங்க நங்கை. திருடனுக்குக் காது வெச்சுக் குடுத்தது நான்தான்," என்றாள். சௌபர்ணிகா கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அழகம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

"சரி, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தீர்ப்புச் சொல்ற மன்றத்துக்குத் தெரியணுமே. வேர்மடிங்கறது அழகான பேரு. அழகாருக்கறதே வம்பு. 'இது எங்க இயந்திரத்துக்கும் தானாத் தோணிருக்கும்'னு சொல்லித் தப்பிச்சுக்குவான். இயந்திரத்துக்குச் சென்மத்துலயும் தோணாத ஒரு பேரா வேணும். எந்த நாட்லயும் யாருக்கும் இல்லாததா இருக்கணும். அதைக் கோயில்ல நின்னு கேளுங்க. அவன் எடுத்தான்னா மாட்டுனான்."

இருவரும் அடுத்த வெள்ளியிலிருந்து போய்ப் போய்க் கேட்டார்கள். வாயில் நுழையாத பெயர்களாகத் தயார் பண்ணினார்கள். கட்டிப்பூதம், நார்க்குளம்பு, சல்லடைராணி. சௌபர்ணிகாவுக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிடும். பூசாரி மாரண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஆத்தாகிட்ட என்ன வெளையாட்டு அம்மிணி?" என்றார். பதினோரு பெயர். நோமவெல் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

"உசாராயிட்டானாட்ட இருக்குது," என்றாள் சௌபர்ணிகா.

மிதுனா பழைய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். விருப்ப மதிப்பு: 94. கரூர்க்காரருக்குப் போன்போட்டு அவர் கடிதத்தில் என்ன எண் என்று கேட்டாள். எண்பத்தொன்பது என்றார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த இயந்திரம் வார்த்தையை மட்டும் கேட்கவில்லை. சொல்கிறவள் குரல் எவ்வளவு நடுங்குகிறது, எவ்வளவு வேண்டும் வேண்டும் என்று தவிக்கிறது என்பதையும் அளக்கிறது. யாருக்கும் வேண்டாத பெயரை எடுத்து வைத்து வாடகைக்கு விட முடியுமா? எவள் உயிரைக் கொடுத்தாவது திரும்ப வாங்குவாளோ அவளுடைய பெயர்தான் அதற்கு வேண்டும்.

வேடிக்கைப் பெயர் உதவாது. உண்மையிலேயே ஆசைப்பட்ட பெயராக இருக்க வேண்டும். உலகத்தில் யாருக்கும் இல்லாத பெயராகவும் இருக்க வேண்டும்.

மிதுனாவிடம் அப்படி ஒரு பெயர் இருந்தது.

கல்யாணமான முதல் வருஷம் அவளும் தரணீஷும் ஆழியாறு அணைமேல் நனைந்துகொண்டு நின்றபோது வைத்த பெயர் அது. மயிலாத்தாள், பூவாத்தாள் என்று பெயர் வைத்த ஊரில் அவர்கள் காலத்துப் பெண்களெல்லாம் மிதுனா, சௌபர்ணிகா என்று ஆகிவிட்டார்கள். நமக்குப் பெண் பிறந்தால் பழைய ஆத்தாளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று தரணீஷ் சிரித்தான். அன்று அடித்துக்கொண்டிருந்த சாரலையும் அதோடு சேர்த்து அவள் காதில் சொன்னான். சாரலாத்தாள். குழந்தை பிறக்கும் முன் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பார்கள். ஒன்பது வருஷம், இரண்டு கருச்சிதைவு, எத்தனையோ ஆஸ்பத்திரி. ஒரு முறைகூட இருவரும் அதை உரக்கச் சொன்னதில்லை. போனில் நிச்சயமாகச் சொன்னதில்லை.

இதை அவனிடம் கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? அவன் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம். போனில் சொன்னால் அதுவும் ஏதோ ஒன்றின் காதில் விழும். கோயிலிலிருந்துதான் எடுத்தான் என்று நிரூபிக்க முடியாமல் போய்விடும். நாலு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்துவிட்டு, வெள்ளிக்கிழமை எழுந்து போனாள்.

"சாரலாத்தாள்ங்கற பேரு வெக்கலாமா ஆத்தா," என்றாள் கேமராவுக்குக் கீழே நின்று. மூன்றாம் முறை குரல் உடைந்து, பாதிதான் வெளியே வந்தது.

சொல்லி முடிக்கவில்லை, வலப்பக்கம் பூ விழுந்தது.

"இது எங்க கண்ணு புடிச்ச? புதுசா இருக்குதே," என்றாள் சௌபர்ணிகா.

"சும்மா வாய்க்கு வந்துதுங்க."

வேர்மடிக்கு ஆன அதே இரண்டு மணி பத்து நிமிஷத்தில் நோமவெல் அதைப் பதிந்தது. பதிவு விவரத்தைத் திரையில் படித்துக்கொண்டே வந்த சௌபர்ணிகா கடைசி வரியில் நின்றுவிட்டாள். விருப்ப மதிப்பு: 99. நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

"இது சும்மா வந்த பேரா கண்ணு?"

மிதுனா எட்டித் திரையை அணைத்தாள். சௌபர்ணிகா அதற்குமேல் கேட்கவில்லை.

விசாரணை ஐப்பசியில் நடந்தது. கோயமுத்தூரில் அழகம்மையின் அறையில் பெரிய திரை. நடுவில் நடுவர், எங்கோ ஒரு நாட்டில் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருந்த அம்மாள். ஒரு பக்கம் நோமவெல்லின் வக்கீல். அவர் பேசுவதெல்லாம் மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் சுத்தத் தமிழில் வந்தது. இன்னொரு மூலையில் சிறு கட்டத்தில் தரணீஷ். கம்பெனியின் பங்குதாரர் என்ற முறையில் அவனும் இருக்க வேண்டியிருந்தது. மிதுனா அந்தக் கட்டத்தை மட்டும் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

அழகம்மை அடுக்கினார். கோயில் காட்சி, நேரம், பதிவு நேரம். "உங்க இயந்திரம் தானாவே படைக்குதில்ல? இந்தப் பேர இப்ப இங்கயே, எங்க கண்ணு முன்னால, இன்னொரு தடவ படைச்சுக் காட்டச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கட்டும். அந்தப் பேரு, நடுவர் அவர்களே, சாரலாத்தாள்."

அந்த வார்த்தை அறையில் விழுந்தபோது மிதுனா பார்த்துவிட்டாள். தரணீஷின் முகம் முதலில் புரியாமல் விழித்தது. பிறகு புரிந்தது.

இயந்திரம் நாற்பது நிமிஷம் பெயர்களைக் கொட்டியது. சாரலினி, சாரல்விழி, மழையாத்மா. அந்தப் பெயர் மட்டும் வரவில்லை. நோமவெல்லின் வக்கீல் கொஞ்சமும் பதறாமல் மிதுனாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சொல்லுக்கும் உங்களுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? உங்கள் குடும்பத்திலோ உறவிலோ யாருக்காவது இந்தப் பெயர் உண்டா, வைப்பதாக இருந்தீர்களா? நன்கு யோசித்துச் சொல்லுங்கள். இருந்தால் அது மனிதருக்கு இயல்பாகத் தோன்றும் பெயர், எங்கள் இயந்திரத்துக்கும் தானாகத் தோன்றியிருக்க வாய்ப்புண்டு."

ஆமாம் என்று சொன்னால் வேர்மடி போச்சு. கரூர்க்காரரின் பெயரும் இன்னும் யார் யாருடைய பெயரோ அதோடு சேர்ந்து போச்சு. இல்லை என்று சொன்னால்? மிதுனா மேஜைக்குக் கீழே வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க," என்றாள். "யாருக்கும் இல்லீங்க."

"என் கட்சிக்காரர் சோதனைக்காக உருவாக்குன வெத்துச் சொல்லு அது," என்று அழகம்மை எடுத்துக்கொடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மூலையில் இருந்த சிறு கட்டம் இருண்டுபோனது. தரணீஷ் கேமராவை அணைத்துவிட்டான்.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. நோமவெல்லின் சத்தியப் பத்திரம் பொய். ஆடி மாதத்தில் கோயில்களிலிருந்து எடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் கேட்டவர்களுக்கே திரும்ப வேண்டும். வேர்மடி இனி மிதுனா, சௌபர்ணிகா பெயரில். கடைசிப் பத்தியை அழகம்மை படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மறுபடியும் படித்தார். "சாரலாத்தாள் என்ற பெயரைப் பொறுத்தவரை, மனுதாரருக்கு அதில் எந்த உரிமையும் தேவையும் இல்லை என்று அவரே கூறிவிட்டதாலும், அது பொறியாக வைக்கப்பட்டதாலும், அதன் பதிவில் மன்றம் தலையிடவில்லை."

"அது கிடக்குதும்மா, வெத்துச் சொல்லுதான்," என்றார் அவர். "ஏம்மா, என்ன ஆச்சு?"

வெளியே படிக்கட்டில் கரூர்க்காரர் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். மிதுனாவும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

தரணீஷ் அன்றைக்குத்தான் கூப்பிட்டான். அதுவரை கூப்பிடவில்லை.

"வேற வழியே இல்லையா மிது?"

"இருந்திருந்தா வேற பேரக் குடுத்திருக்க மாட்டனா."

"என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"போன்லயா?"

"சாப்ட்டியா?" என்றான் அவன்.

வேர்மடி கார்த்திகையில் கப்பலேறியது. கட்டியின்மேல் இவர்கள் பெயர், இவர்கள் ஊர். துறைமுகத்தில் யாரும் திருப்பவில்லை. களத்துப் பெண்கள் ஒரு கட்டியின் உறையைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தார்கள். மிதுனா அன்று தனியாக இருக்கும்போது போனை எடுத்து, ஒருமுறை சொல்லித்தான் பார்ப்போமே என்று அந்தப் பெயரைச் சொன்னாள். தேன் மாதிரி ஒரு பெண்குரல் வந்தது. "வணக்கம். சாரலாத்தாள் வாடகைக்கு உள்ளது. குழந்தைச் சோப்பு, குழந்தை உடை, பொம்மை ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தமான பெயர்." மிதுனா போனைச் சுவரில் எறிந்தாள். அது உடையவில்லை. உடையாதபடி செய்திருக்கிறார்கள்.

மார்கழி எட்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. தரணீஷ் பிரசவத்துக்கு முந்திய நாளே வந்து சேர்ந்திருந்தான். மார்கழியில் எதுவும் செய்ய வேண்டாம், பெயர் சூட்டுவதைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று உறவெல்லாம் சொன்னது.

"இனி எந்த மாசத்துக்கும் காத்திருக்கறதா இல்லீங்க," என்றாள் மிதுனா.

பதினாறாம் நாள் காலை நார்த்தூள் களத்து நடுவில் இளவெயிலில் ஒரு கட்டிலைப் போட்டார்கள். வந்தவர்களின் போன்களையெல்லாம் சௌபர்ணிகா ஒரு சாக்கில் வாங்கிக் கட்டி வீட்டுக்கு அனுப்பினாள். கைக்கடிகாரம், கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை. மாரண்ணன் காதிலிருந்த கேட்கும் கருவியைக்கூடக் கழற்ற வைத்துவிட்டாள். பிறகு சல்லடை இயந்திரத்தை ஓட விட்டார்கள். காது கிழியும் அந்தச் சத்தத்தில் தரணீஷ் குனிந்து, குழந்தையின் காதோடு வாயை வைத்து, மூன்று முறை பெயரைச் சொன்னான். வாடகைக்குப் போன அந்தப் பழைய பெயரல்ல, புதுசு. விமானத்தில் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது. மனைவியின் காதில் ஒரு முறை சொன்னான். அவள் நங்கையின் காதில் சொன்னாள். அப்படியே ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு, களத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயது. போனில் பேசும்போது எல்லோரும் பாப்பா என்கிறார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்றால் எழுந்து பக்கத்தில் போகிறார்கள்.

என்ன பெயர் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். இதை உங்களோடு சேர்ந்து வேறு எது படித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.